உங்களுக்குத் தெரியுமா? மெதுவாக ஓடுகிறவர்தான் முந்துகிறார்!

நீச்சல், சைக்கிள், ஓட்டம். மூன்றையும் இடையில் நிறுத்தாமல் அடுத்தடுத்து முடித்தால் அதுதான் டிரையத்லான்! ஆபீஸ் வேலையையும் வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டே இதற்குத் தயாராகும் சாதாரண மனிதர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் அவர்கள் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிப்பது எப்படி? தேடத் தேட ஆச்சரியமாகக் கொட்டியது. அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன், பிடியுங்கள்!

பந்தயம் பிறந்த கதை

1974 செப்டம்பர் 25, புதன்கிழமை மாலை. அமெரிக்காவின் சான் டியாகோ நகரம், மிஷன் பே. நவீன டிரையத்லான் பிறந்த இடம் அதுதான். அன்றைக்குக் களத்தில் இறங்கியவர்கள் வெறும் 46 பேர்!

இன்றைக்குப் பெரும்பாலான போட்டிகள் நீச்சலில்தான் தொடங்கும். அந்த முதல் போட்டியோ ஓட்டத்தில் தொடங்கியது!

நீச்சல்காரருக்கு உடல்வலு அதிகமா, ஓட்டக்காரருக்கா, சைக்கிள் மிதிப்பவருக்கா? ஹவாயில் நண்பர்களிடையே நடந்த இந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் அயர்ன்மேன்! சண்டையைத் தீர்க்க வழி சொன்னவர் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். ஏற்கெனவே நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒன்றாகக் கட்டிவிட்டார். அதில் சைக்கிள் சுற்று மட்டுமே அதுவரை இரண்டு நாள் போட்டி!

3.8 கி.மீ. நீச்சல். 180 கி.மீ. சைக்கிள். 42.2 கி.மீ. ஓட்டம். எல்லாம் ஒரே நாளில்! சைக்கிள் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி போய்ச் சேர்ந்த பிறகும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தக் கணக்கு 226 கி.மீ.!

1978 பிப்ரவரி 18 அன்று நடந்த முதல் அயர்ன்மேனில் கிளம்பியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். வென்றவர் கார்டன் ஹாலர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி!

அதே போட்டியில் ஜான் டன்பார் என்பவருக்கு ஓட்டத்தின்போது தண்ணீர் தீர்ந்துவிட்டது. உடன் வந்தவர்கள் கையில் கொடுத்தது பீர்! அதைக் குடித்துவிட்டு ஓடியவர் இரண்டாமிடம் பிடித்தார்!

1982. ஜூலி மாஸ் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். இறுதிக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. கால்கள் மடங்கிவிட்டன! அவரைத் தாண்டிச் சென்று கேத்லீன் மெக்கார்ட்னி வென்றார். ஜூலி விடவில்லை. தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டார். முதலிடத்தை இழந்தது வெறும் 29 விநாடியில்!

ஒலிம்பிக்கில் டிரையத்லான் நுழைந்தது 2000-ல், சிட்னியில். நீச்சல் 1.5, சைக்கிள் 40, ஓட்டம் 10. கூட்டினால் 51.5 கி.மீ.!

மெதுவாக… இன்னும் மெதுவாக!

உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரர்களும் சைக்கிள் வீரர்களும் தினமும் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர்களுடைய பயிற்சிகளில் சுமார் 80 சதவீதம் சுலபமான வேகத்தில்தான் நடக்கிறது!

சாம்பியன்களுக்குச் சரி, நமக்கு? அதையும் சோதித்துவிட்டார்கள்! ஸ்பெயினில் பொழுதுபோக்காக ஓடும் 30 பேர், 10 வாரம். பெரும்பகுதி மெதுவாக ஓடிய குழுவுக்கு 10 கி.மீ. ஓட்டத்தில் 5 சதவீதம் வேகம் கூடியது. நடுத்தர வேகத்திலேயே அதிகம் ஓடிய குழுவுக்குக் கிடைத்தது 3.6 சதவீதம்தான்!

180-லிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் மஃபடோன் சொன்ன இதயத் துடிப்பு எல்லை அதுதான். 40 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 140. துடிப்பு அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்!

அந்தக் கணக்கை நம்பி இறங்கியவர் மார்க் ஆலன். ஹவாய் அயர்ன்மேனில் ஆறு முறை முயன்றும் வெற்றி கிடைக்காதவர். 1989-ல் முதல் வெற்றி. அதற்குப் பிறகு? மொத்தம் 6 முறை உலக சாம்பியன்! கடைசிப் பட்டத்தை வென்றபோது வயது 37!

1989 வெற்றியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆலனும் அவருடைய போட்டியாளர் டேவ் ஸ்காட்டும் எட்டு மணி நேரம் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். முடிவில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 58 விநாடி!

வேகம் சரியா என்று அறிய விலையுயர்ந்த வாட்ச் வேண்டாம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் சுலப வேகம். ஆராய்ச்சிக்கூடங்களே ஒப்புக்கொண்ட சோதனை இது. செலவு 0 ரூபாய்!

'எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?' என்று கேட்டு எண் போடச் சொன்னவர் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க். அவருடைய அளவுகோல் 6-ல் தொடங்கி 20-ல் முடியும். ஏன் 6? நீங்கள் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் உங்கள் இதயத் துடிப்பு கிட்டத்தட்ட வந்துவிடும். 60 முதல் 200 வரை!

கல்லூரி நீச்சல் வீரர்களை இரண்டாகப் பிரித்தார் ஆய்வாளர் டேவிட் காஸ்டில். ஒரு குழுவுக்குத் தினம் ஒன்றரை மணி நேரம். இன்னொன்றுக்கு அதையே காலையும் மாலையும். ஆறு வாரம் நடந்தது. இரட்டிப்பு நேரம் நீந்தியவர்களுக்குக் கிடைத்த கூடுதல் பலன்? பூஜ்யம்!

நார்வேயின் டிரையத்லான் வீரர்கள் பயிற்சியின் நடுவே நிறுத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அளவுக்கு மீறி உழைத்துவிடக் கூடாதே என்று! அந்தப் பயிற்சியில் வளர்ந்த கிறிஸ்டியன் புளூமன்ஃபெல்ட் 2021 ஜூலையில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2022 மே மாதம் அயர்ன்மேன் உலகப் பட்டம். இரண்டுக்கும் இடையே 10 மாதம்கூட இல்லை!

தூக்கமும் ஒரு பயிற்சிதான்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 11 கூடைப்பந்து வீரர்களுக்கு ஒரே கட்டளை. இரவில் குறைந்தது 10 மணி நேரம் படுக்கையில் இருங்கள்! சில வாரங்களில் அவர்கள் விரைவோட்ட நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 விநாடிக்கு இறங்கியது. ஃப்ரீ த்ரோ குறி 9 சதவீதம் கூடியது. ஒரு மாத்திரைகூட இல்லாமல்!

எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி விளையாட்டு வீரர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு எத்தனை மடங்கு? 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்ன விடை 1.7 மடங்கு!

பயிற்சிக் காலத்தில் சளி பிடித்தால் வாரமே வீண். 164 பேர் மூக்கில் சளிக் கிருமியையே விட்டுப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள்! ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு 4.2 மடங்கு!

ஆபீஸில் மூளையைக் கசக்கிவிட்டு சைக்கிளில் ஏறினால் கால் ஓடாது. உண்மை! 2009-ல் ஆய்வாளர் சாமுவேல் மார்க்கோரா 16 பேரைச் சோதித்தார். 90 நிமிடம் மூளைக்குக் கடுமையான வேலை கொடுத்தபின் மிதிக்கச் சொன்னார். களைத்து நிற்பதற்கு ஆன நேரம் 15 சதவீதம் குறைந்துவிட்டது. உடம்பு ஒரு துளி வேலைகூடச் செய்திருக்கவில்லை!

மறுநாள் காலில் எடுக்கும் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று இன்னும் சொல்கிறார்களே. பாவம், அது பயிற்சி முடிந்து சுமார் ஒரு மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுகிறது! வலி உச்சத்துக்கு வருவது 24 முதல் 72 மணி நேரத்தில். தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவும் அதைச் சரிசெய்யும் வேலையும்தான் அந்த வலி!

எடை தூக்கும் பயிற்சி முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் இறங்குவது இப்போது ஃபேஷன். 2015-ல் சோதித்தார்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம், மொத்தம் 12 வாரம். தசை வளர்ச்சி கூடியதா? குறைந்தது!

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் என்ன செய்ய வேண்டும்? பயிற்சியின் அளவைப் பாதியாக வெட்டுங்கள்! 27 ஆய்வுகளை அலசிச் சொன்ன கணக்கு 41 முதல் 60 சதவீதம் குறைப்பு. வேகம் மட்டும் குறையக் கூடாது. குறைவாக உழைத்து நிறைவாக ஓட இதைவிட நல்ல வழி இல்லை!

அடுப்பங்கரையில் இருக்கிறது ஆற்றல்

உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து எவ்வளவு தெரியுமா? தசையில் சுமார் 400 கிராம். கல்லீரலில் சுமார் 100 கிராம். அவ்வளவுதான்! வேகமாக ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குள் கஜானா காலி!

விலையுயர்ந்த விளையாட்டு பானமா, வாழைப்பழமா? 2012-ல் 14 சைக்கிள் வீரர்களை 75 கி.மீ. மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அரை வாழைப்பழம். முடிவு? சமம்!

ஜெல் பாக்கெட்டுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு! இல்லினாய் பல்கலைக்கழகம் 2019-ல் 12 சைக்கிள் வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. இரண்டு மணி நேரம் மிதித்த பிறகு ஒரு வேகப் போட்டி. உருளைக்கிழங்கு ஜெல்லுக்குத் துளியும் சளைக்கவில்லை!

உலர்திராட்சையைப் பாயசத்துக்கு மட்டுமா வைத்திருக்கிறீர்கள்? கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 2012-ல் நடந்த சோதனையைக் கேளுங்கள். வெறும் தண்ணீர் குடித்து ஓடியபோது எடுத்த நேரத்தைவிட, உலர்திராட்சை தின்று ஓடியபோது 5 கி.மீ. ஓட்டம் சராசரியாக 1 நிமிடம் முன்னதாக முடிந்தது. விளையாட்டு மிட்டாய்க்கும் அதே 1 நிமிடம்தான்!

இரண்டு கடுமையான சைக்கிள் பயிற்சிக்கு நடுவே என்ன குடிக்கலாம்? 2006-ல் இண்டியானா பல்கலைக்கழகம் கையில் எடுத்தது சாக்லேட் பால்! பெயர்பெற்ற விளையாட்டு பானத்துக்கு அது ஈடுகொடுத்தது. இன்னொரு வகை பானத்தைக் குடித்தவர்களைவிட, பால் குடித்தவர்கள் கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடுதல் நேரம் மிதித்தார்கள்!

இதைக் கேட்டால் நம்பவே மாட்டீர்கள். மாவுச்சத்து கரைத்த நீரை வாயில் வைத்துக் கொப்பளியுங்கள். விழுங்காதீர்கள், துப்பிவிடுங்கள்! 2004-ல் பர்மிங்ஹாமில் சோதித்தபோது ஒரு மணி நேர சைக்கிள் பந்தயத்தில் வேகம் கூடியது. வயிற்றுக்குள் ஒரு சொட்டுகூடப் போகாமல் 2.9 சதவீதம்!

தினம் அரை லிட்டர் பீட்ரூட் சாறு. ஆறு நாள். 2009-ல் எக்ஸிடர் பல்கலைக்கழகச் சோதனையில் அதைக் குடித்த ஆண்கள் கடுமையான சைக்கிள் பயிற்சியில் 16 சதவீதம் வரை கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள்!

காலையில் நீங்கள் குடிக்கும் காபியில் இருக்கும் காஃபீன் ஒரு காலத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருந்தது! எல்லை மீறிக் குடித்தவர் மாட்டிக்கொள்வார். பட்டியலிலிருந்து அது நீங்கியது 2004-ல்!

'சத்து மாத்திரை போட்டால் நல்லதுதானே?' அவசரப்படாதீர்கள்! 2009-ல் ஜெர்மனியில் தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ கொடுத்து நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்வதற்குப் பயிற்சி கொடுத்த உதவியை அந்த மாத்திரைகளே தடுத்துவிட்டன!

வியர்வைக் கணக்கு

1984 ஒலிம்பிக்குக்குத் தயாரான மாரத்தான் வீரர் ஆல்பர்ட்டோ சலசாரின் வியர்வையை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் வெளியேறியது எவ்வளவு? 3.7 லிட்டர்!

அதற்காகக் குடம் குடமாகக் குடித்தால் அதுவும் ஆபத்து! 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களே அதில் அதிகம் மாட்டினார்கள்!

வெயிலைக் கண்டு பயமா? உடம்பு கற்றுக்கொள்ளும்! தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் பழகினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், வெளியேறும் உப்பு குறையும். இத்தனையும் நடக்கத் தேவையான காலம் 10 முதல் 14 நாள்!

காலுக்குக் காவல்

குதிகாலுக்கு மேலே இருக்கிறதே அந்தத் தடித்த தசைநாண், அதன் நடுப்பகுதி உங்களுக்கு 17 வயதாகும்போதே உருவாகி முடிந்துவிட்டது! அதற்குப் பிறகு அது புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 1955 முதல் 1963 வரை வெடித்த அணுகுண்டுச் சோதனைகளின் கார்பன் தடயத்தை வைத்து!

காயம் வராமல் இருக்க எது உதவும்? 25 ஆய்வுகள், 26,610 பேர்! தசையை இழுத்து நீட்டும் பயிற்சிக்குப் பலன் தெரியவில்லை. எடை தூக்கும் வலுப் பயிற்சியோ காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது!

ஒரே ஷூவையே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்களா? லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காய அபாயம் 39 சதவீதம் குறைவு!

முட்டி வலிக்கிறதா? அதே வேகத்தில் ஓடுங்கள், காலடியை மட்டும் சிறிதாக்குங்கள். நிமிடத்துக்கு எடுத்துவைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டியின் மீது விழும் சுமை இறங்குகிறது!

'வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே.' எல்லாப் பயிற்சியாளரும் சொல்வது இது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வந்தவர்களிடம் அதையும் சோதித்தார்கள்! 13 வாரம் படிப்படியாகக் கூட்டிய குழுவில் காயம்பட்டவர்கள் சுமார் 20 சதவீதம். 8 வாரத்திலேயே தயாரான குழுவில்? அதே சுமார் 20 சதவீதம்!

வயசா? அது ஓரமாக இருக்கட்டும்!

கன்னியாஸ்திரி மடோனா பியூடர் ஓடத் தொடங்கியது 48 வயதில். முதல் அயர்ன்மேன் 55 வயதில். 2012-ல் கனடாவில் முழு அயர்ன்மேனையும் முடித்தபோது அவருக்கு வயது 82!

அமெரிக்காவின் நடாலி கிராபோ நீச்சல் கற்றுக்கொண்டதே 59 வயதில்! 2025-ல் ஹவாய் உலகப் போட்டியை முடித்தார். அப்போது வயது 80!

ஜப்பானின் ஹிரோமு இனாடா 60 வயதில் நீச்சல் குளத்தில் இறங்கினார். 70 வயதில் முதல் டிரையத்லான். 2018-ல், 85 வயதில், ஹவாய் அயர்ன்மேன்! அனுமதிக்கப்பட்ட நேரம் 17 மணி. அவர் முடித்தது சுமார் 16 மணி 53 நிமிடத்தில். மீதம் வெறும் 6 நிமிடம் சொச்சம்!

நம் நாட்டு மிலிந்த் சோமன் 50 வயதை நெருங்கும்போது 2015-ல் சூரிக் அயர்ன்மேனை முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 15 மணி 19 நிமிடம்!

டிக் ஹாய்ட் நீந்தும்போது மகன் ரிக்கைப் படகில் வைத்து இழுத்தார். சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து மிதித்தார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே ஓடினார். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் கொண்ட மகனோடு ஹவாயை முடித்தது 1989-ல், பிறகு 1999-ல். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கலந்துகொண்ட போட்டிகள் 1,000-க்கும் மேல்!

கிறிஸ் நிகிக் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். 'தினம் 1 சதவீதம் முன்னேற்றம்' என்பதே அவர் மந்திரம். 2020 நவம்பரில் ஃபுளோரிடாவில் அயர்ன்மேனை முடித்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் உலகத்திலேயே முதல் ஆள்! அந்த 1 சதவீதத்தை ஓர் ஆண்டுக்குக் கூட்டுவட்டியாகப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 38 மடங்கு!

2008 ஒலிம்பிக்கில் பாதியில் வெளியேறிய ஃபுளோரா டஃபி விளையாட்டையே விட்டு விலகி ஓய்வெடுத்தார். மனமும் உடம்பும் தேறிய பிறகு திரும்பி வந்தார். டோக்கியோவில் தங்கம்! அவருடைய பெர்முடா தீவுக்கு ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதல் தங்கம். அந்த ஊரின் மொத்த மக்கள் தொகையே 65,000-க்குள்!

பிரான்ஸின் ராபர்ட் மார்ஷான் 100 வயதில் ஒரு மணி நேரத்தில் சைக்கிள் மிதித்த தூரம் 24.25 கி.மீ. விஞ்ஞானிகள் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். என்ன பயிற்சி? அதே 80 சதவீதம் சுலபம், 20 சதவீதம் கடினம்! 102 வயதில் மறுபடி மிதித்தார். 26.92 கி.மீ.! வயது கூடக் கூட வேகமும் கூடியது!

என் கண்டுபிடிப்புகளிலேயே மகுடம் இதுதான். 1966. அமெரிக்காவின் டல்லாஸ். 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே விடவில்லை. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரை அழைத்துச் சோதித்தார்கள். 30 வருட முதுமை குறைத்த உடல்திறனைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்ததுதான் அதிகம்!

அதோடு முடியவில்லை. 50 வயதைத் தொட்ட அந்த ஐவருக்கும் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று நிதானமாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சி கொடுத்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 20 வயதில் இருந்த அதே அளவுக்குத் திரும்பிவிட்டது! 30 வருடத்தில் இழந்ததை மீட்க ஆன காலம்? ஆறே ஆறு மாதம்!